நாகசாகியில் ஒரு வெள்ளிக்கிழமை விருந்து

அயல்நாட்டு உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வகையினர். எதைச் சுவைத்தாலும் "ஆகா!" என்பவர் ஒரு வகையினர். நம் ஊர் இட்லிக்கு ஈடு உண்டோ என்று கேட்டுவிட்டு எழுதுகோலை மூடிவிடுவோர் மற்றொரு வகையினர். இவ்விரு கட்சியிலும் சேராமல், 2024-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் மாலை, ஜப்பான் நாட்டு நாகசாகி நகரின் சிற்றுணவகம் ஒன்றில் நண்பர் மூவர் உண்ட உணவைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுத விரும்புகிறேன். அவ்வுணவைக் காட்டிலும், அதனை உண்ண மனமின்றி வந்து அமர்ந்த ஒருவரைப் பற்றியே என் சிந்தை அன்று முழுவதும் இருந்தது என்பதையும் முன்னரே கூறிவிடுகிறேன்.

அம்மூவர் 1986-ஆம் ஆண்டில் மணிலா நகரில் ஆசிரியர்களுக்கென நடந்த ஓராண்டுப் பயிற்சியில் ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள். நான் தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவன். என்னிலும் மூன்று வயது மூத்தவரான யாழ்ப்பாணத்து நண்பரை அன்று தொட்டு ‘அண்ணன்’ என்றே அழைத்து வருகிறேன். அவருக்கு நான் ‘தம்பி’. மூன்றாமவர் நாகசாகியில் பிறந்து வளர்ந்த பள்ளி ஆசிரியை. அவரை அம்மையார் என்றே இங்கே குறிப்பிடுவேன். பயிற்சி முடிந்து பிரிந்தபின் முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கடிதங்களே எங்களை இணைத்து வந்தன. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு நடந்தபோது, அண்ணனும் தம் மனைவியோடு நடந்தார். பின்னர் எத்தனையோ வழிகள் சுற்றிப் பிரான்சு நாட்டை அடைந்து, பாரிஸ் நகரின் புறத்தே குடியமர்ந்தார். அந்நாட்டுக் குடியுரிமை அவருக்குக் கிடைக்கப் பதினொரு ஆண்டுகள் ஆயின.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர்தம் மனைவியார் இறைவனடி சேர்ந்தார். மக்கட்பேறு இல்லாத இல்லம். அதற்குப்பின் அண்ணனின் கடிதங்கள் குறுகின. பிறகு நின்றன. தொலைபேசியில் அழைத்தால், "சமைக்கிறனான் தம்பி, சாப்பிடத்தான் மனம் வருகுதில்லை" என்பார். ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அதனை நான் அம்மையாருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் விடை வந்தது: "இருவரும் புறப்பட்டு வாருங்கள். அவர் தனியாக உண்ணும் வரையில் உண்ணமாட்டார்." அம்மையாரும் கணவரை இழந்தவர். ஆதலின் அச்சொற்களை நான் அறிவுரையாகக் கொள்ளாமல் சாட்சியமாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் சென்ற காலம் தவக்காலம். மார்ச் 17-ஆம் நாள் நாகசாகித் திருச்சபைக்கு மறக்கவொண்ணாத நாள். 1865-ஆம் ஆண்டு அந்நாளில்தான், ஏழு தலைமுறைகளாகக் குருவானவர் ஒருவரையும் காணாது மறைவில் விசுவாசத்தைக் காத்துவந்த உரகாமி ஊர் மக்கள், ஓவுரா ஆலயத்தில் பெத்திஜான் அடிகளாரிடம் தங்களை வெளிப்படுத்தினர். அவ்விழாவுக்கென்றே அண்ணன் வர இசைந்தார். விருந்துக்கென்று அழைத்திருந்தால் வந்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் நிஷிசாகா குன்றுக்குச் சென்றோம். 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் சிலுவையில் அறையுண்ட 26 மறைசாட்சிகளின் இடம் அது. அவர்களுள் ஒருவரான கொன்சாலோ கார்சியா நம் நாட்டு வசாய் நகரில் பிறந்தவர் என்பதை அண்ணனுக்குக் காட்டினேன். தலையசைத்தார். மதிய உணவுக்கு அம்மையார் வைத்த அரிசிக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்.

மாலையில் அம்மையார் எங்களை அழைத்துச் சென்ற உணவகம், குன்றின்மேல் ஏறும் படிக்கட்டுச் சந்து ஒன்றில் இருந்தது. நாகசாகியில் தெருக்கள் பாதி; படிக்கட்டுகள் மீதி. வாயிலில் ஒரு நீலத் துணித் திரை. அதனைக் குனிந்து விலக்கி உள்ளே சென்றால், மொத்தமே எட்டு நாற்காலிகள். அவையும் சமையல் மேடையை ஒட்டிய ஒரே நீண்ட பலகையின் முன் வரிசையாக இடப்பட்டவை. அறுபது வயது மதிக்கத்தக்க கணவர் சமைக்கிறார், மனைவி பரிமாறுகிறார். வேறு ஆட்கள் இல்லை. உணவுப் பட்டியலும் இல்லை. அன்று அவர் என்ன செய்கிறாரோ அதுவே உணவு. நம் கல்யாணப் பந்தியில் பட்டியல் கேட்பவர் உண்டோ! அதுபோலத்தான்.

சுவரில் ஒரு சிறு மரப்பலகையில் ஏதோ எழுதியிருந்தது. கடையின் பெயரோ என்று கேட்டேன். "பெயரன்று, இங்கு கிடைக்கும் உணவின் வகை. ‘முகோகுசெகி’ என்று எழுதியிருக்கிறது. பல நாட்டுச் சமையல்களைக் கலந்து செய்வதை நாங்கள் அப்படிச் சொல்வதுண்டு" என்றார் அம்மையார். அச்சொல்லின் நேர்ப்பொருள் யாது என்று வினவினேன். சற்றுத் தயங்கியே, "நாட்டுரிமை இல்லாதது என்று பொருள். நாடற்ற அகதிகளைக் குறிக்கச் சட்டத்தில் வழங்கும் சொல்லும் இதுவே" என்றார். நான் தமிழில் சொல்லுமுன்னரே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அன்று காலை முதல் முறுவலித்திராதவர், "அப்பிடியெண்டால் நானும் பதினொரு வருசம் உந்தச் சாப்பாடு மாதிரித்தான் இருந்தனான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் எங்களிருவருக்கும் உடன் சிரிக்க இயலவில்லை.

கலப்புச் சமையல் என்பது இக்கால நாகரிகத்தின் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாகசாகிக்காரரிடம் அவ்வாறு சொன்னால் நகைப்பர். 1571-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் துறையாகத் திறக்கப்பட்டபோதே அவ்வூரின் அடுப்புகளும் கலந்துவிட்டன. (நம் புனித சவேரியார் 1549 ஆகஸ்ட் 15-இல் காகோஷிமாவில் கரையேறியவர்; அவர் காலத்தில் நாகசாகித் துறைமுகம் தோன்றியிருக்கவில்லை. இதனைச் சொல்லக் காரணம், எங்கள் ஊரில் அவர் நாகசாகியில் போதித்தார் என்று சாதிப்போர் இன்னும் உண்டு.) 1639-இல் போர்த்துக்கீசியர் விரட்டப்பட்டனர், 1641 முதல் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் ஒல்லாந்தர் மட்டும் அடைபட்டு வணிகம் செய்தனர், சீனரும் அங்கே குடியிருந்தனர். ஜப்பானியம், சீனம், ஒல்லாந்தம் ஆகிய மூன்றும் ஒரே வட்ட மேசையில் கூடும் ‘ஷிப்போக்கு’ விருந்து அவ்வூரின் பழம்பெருமை. இம்மூன்றின் எழுத்துகளையும் சேர்த்து ‘வாகாரான்’ என்பர். அதே ஒலிக்கு ஜப்பானிய மொழியில் ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்றும் பொருளாம்! தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் ஊர் எனக்குப் பிடிக்கும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கைத்துண்டுகளை முதலில் தந்தனர். கை துடைத்தோம். அம்மையார் கைகூப்பி, ‘இதாதகிமாசு’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் கருத்து, எம்மதத்தவரும் சொல்வது. பிறகு சிலுவை அடையாளம் வரைந்து நம் செபத்தையும் சொன்னார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். மேடைக்கு அப்பால் நின்ற சமையற்காரர் அது முடியும் வரை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டார் இறைச்சி தொடுவதில்லை என்று அம்மையார் அவரிடம் முன்னதாகவே தெரிவித்திருந்தார். இஃது அவருக்குச் சிறு தொல்லையன்று. அவ்வுணவகத்தின் சிறப்பே பன்றியிறைச்சிக் கட்டிகளை இனிப்பான சாற்றில் மணிக்கணக்கில் வேகவைப்பது. அதனை விலக்கிவிட்டு, மீனும் காய்கறியும் கொண்டு ஒரு முழு விருந்தை எங்களுக்கென அமைத்திருந்தார்.

மீன் போட்ட தெளிந்த சாறு முதலில் வந்தது. அடுத்து, ‘தாய்’ என்னும் செந்நிற மீன். அதன் பெயரைக் கேட்டதும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மங்கல நாட்களில் ஜப்பானியர் விரும்பி உண்ணும் மீன் அது. பச்சையாகவே மெல்லிய இதழ்களாக அரிந்து, ஆலிவ் எண்ணெய் தெளித்து, ஓரத்தில் பச்சை நிறத் துவையல் ஒன்றைக் கடுகளவு வைத்திருந்தார். கடற்கரையில் பிறந்தும் பச்சை மீனை நான் அதுவரை வாயில் இட்டதில்லை. வாசனை சிறிதும் இல்லை. இளம் நுங்கைப் போல வழுவழுப்பு. ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது அந்தத் துவையலே! யூசு என்னும் எலுமிச்சை இனக் கனியின் தோலோடு பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்தது. அதற்கு ‘யூசு கோஷோ’ என்று பெயர். ‘கோஷோ’ என்றால் மிளகு. மிளகாய்க்குப் பொதுவில் வேறு சொல் இருந்தும், அப்பகுதியினர் மிளகாயையும் மிளகின் பெயராலேயே அழைப்பர் என்றார் அம்மையார். எண்ணிப் பாருங்கள்! மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் கப்பல்களில் கீழ்த்திசைக்கு வந்த அந்தப் புதிய காயைக் கண்ட நம் முன்னோர், மிளகைப் போல் உறைக்கும் காய் என்று ‘மிளகாய்’ எனப் பெயரிட்டனர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், நம்மைப் பற்றி ஏதும் அறியாத மக்கள் அதே காயை நாவில் வைத்து அதே முடிவுக்கு வந்திருக்கின்றனர். நாக்கு எங்கும் ஒரே நாக்குத்தான் போலும்.

அண்ணன் இரண்டு இதழ் மீனை எடுத்துக்கொண்டார். பிறகு குச்சிகளைக் கிடத்திவிட்டுத் தேநீரை உருட்டிக்கொண்டிருந்தார். சமையற்காரர் அதனைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாகப் பொன்னிறத்தில் பொரித்த சிறு துண்டுகள் வந்தன. பரிமாறிய அம்மாள் சுட்டிக்காட்டி விளக்கினார்: ‘எபி’ என்றார், இறால்; அதனை அரைத்து நடுவில் வைத்து, மேலும் கீழும் ‘பான்’ என்றார்.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "என்ன சொன்னவா? பாண் எண்டோ?"

பாண்தான். ரொட்டித் துண்டுகளுக்கிடையில் இறால் வைத்துப் பொரிக்கும் ‘ஹாதோஷி’ என்னும் பண்டம் அது. சீனர் கொண்டுவந்தது. பெயரின் முற்பாதி சீனத்தில் இறால். பிற்பாதியோ டோஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல் சீனர் வாயில் திரிந்தது. அண்ணனுக்கோ அவ்வரலாறு காதில் ஏறவில்லை. "நாங்களும் பாண் எண்டுதான் சொல்லுறனாங்கள்!" என்று அந்த அம்மாளிடம் தமிழிலேயே சொன்னார். தமிழகத்தில் நாம் ரொட்டி என்பதை இலங்கைத் தமிழர் பாண் என்பர். போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தில் விட்டுச் சென்ற சொல் அது. அதே மக்கள் அதே காலத்தில் நாகசாகியிலும் அதே சொல்லை விட்டுச் சென்றிருக்கின்றனர்.

பிறகு பேச்சு தொடர்ந்தது. அண்ணன் தம் சட்டையைத் தொட்டு "பொத்தான்" என்றார். ஜப்பானியத்தில் ‘போதன்’ என்றார் அம்மையார். ‘பாதிரி’ என்றேன் நான். பழங்காலத்தில் குருக்களை இங்கே ‘பாதெரென்’ என்றே அழைத்தனர் என்று விடை வந்தது. புகையிலைக்குத் ‘தாபாகோ’. அண்ணன் கண்ணாடிக் கோப்பையை உயர்த்திக் காட்ட, ‘கொப்பு’ என்றார் பரிமாறிய அம்மாள். அது ஒல்லாந்தர் கொடுத்தது என்று திருத்தினார் சமையற்காரர். "ஒல்லாந்தர் எங்களிட்டையும் வந்தவை" என்றார் அண்ணன், ஏதோ பொது உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல. அவர்கள் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள். அங்கே ஆண்டனர், இங்கே வேலிக்குள் அடங்கி வணிகம் செய்தனர் என்னும் வேறுபாடு சிறியதன்று; விருந்து மேசையில் அதனை நான் கிளப்பவில்லை. இதற்கிடையே ஹாதோஷித் தட்டு காலியாகியிருந்தது. அதில் பாதியை அண்ணனே உண்டிருந்தார் என்பதை அம்மையார் என் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

தெம்புரா அடுத்து வந்தது. ஜப்பானிய உணவு என்றவுடன் உலகம் முதலில் நினைக்கும் பண்டங்களுள் ஒன்றான இதன் பிறப்பைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அது நம்மைப் போன்றோருக்குச் சுவையானது. ஆண்டின் நான்கு பருவங்களிலும் புதன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்கள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரித்த பழைய வழக்கம் நம் மூத்தோருக்கு நினைவிருக்கும். இலத்தீனில் அந்நாட்களுக்குக் ‘குவாத்துவோர் தெம்போரா’ என்று பெயர். அந்நாட்களில் போர்த்துக்கீசியர் இறைச்சியை விலக்கி மீனையும் காய்களையும் மாவில் தோய்த்துப் பொரித்து உண்டதைக் கண்ட நாகசாகி மக்கள், நாளின் பெயரையே பண்டத்துக்குச் சூட்டிவிட்டனர் என்பர் ஒரு சாரார். இல்லை, சுவையூட்டுதலைக் குறிக்கும் ‘தெம்பேரோ’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே மூலம் என்பர் மறு சாரார். முடிவு எதுவாயினும் ஒன்று மெய்: பச்சை அவரைக்காயை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பண்டம் ஒன்று போர்த்துக்கல்லில் இன்றும் உண்டு, அதற்குத் ‘தோட்டத்துச் சின்ன மீன்கள்’ என்று பெயர். மீனும் வாங்க வழியில்லாதவன் சுத்தபோசன நாளில் தன் அவரைக்காயையே மீன் என்று அழைத்து மனநிறைவு கொண்டிருக்கிறான். அந்த ஏழையின் நகைச்சுவை எனக்குப் பெரிதாகப்பட்டது.

நாகசாகித் தெம்புராவின் மாவிலேயே உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதால், தொட்டுக்கொள்ளச் சாறு வேண்டியதில்லை. சர்க்கரை அவ்வூரில் சற்றுத் தாராளம். ஒல்லாந்தர் கப்பல்களில் வந்து இறங்கிய சர்க்கரை அங்கிருந்தே நாடெங்கும் சென்றது. ஆதலின் ஒரு பண்டத்தில் இனிப்புக் குறைந்தால், "நாகசாகி தூரமாகிவிட்டது" என்று அவ்வூரார் குறை கூறுவர். அவரைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெள்ளை மீன் என்று ஒவ்வொன்றாகச் சட்டியிலிருந்து எடுத்து நேரே எங்கள் தட்டில் வைத்தார் சமையற்காரர். நம் பஜ்ஜியோடு இதனை ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடலாம். பஜ்ஜிக்கு அதனால் இழுக்கு இல்லை. மாவு மெலிது, எண்ணெய் ஒட்டவில்லை. மொறுமொறுப்பில் வேண்டுமானால் நம் வீட்டு வாழைக்காய் பஜ்ஜி முந்தும்.

அப்போது ஒன்று நிகழ்ந்தது. அண்ணன் தம் தட்டிலிருந்த கிழங்குத் துண்டைக் குச்சிகளால் எடுத்து, அம்மையார்பால் நீட்டினார். தமக்குப் பிடித்ததை அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பது நம்மவர் பழக்கம். அம்மையார் தம் குச்சிகளால் அதனை வாங்காமல், மிக இயல்பாக ஒரு சிறு தட்டை இடையில் வைத்தார். அதில் விழுந்த துண்டை எடுத்து உண்டு, "சுவையாக இருக்கிறது" என்றார். காரணத்தை அன்றிரவு என்னிடம் மட்டும் சொன்னார். இறந்தவரைத் தகனம் செய்தபின், உறவினர் எஞ்சிய எலும்புகளைக் குச்சிகளால் எடுத்து ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு மாற்றிக் கலயத்தில் இடுவது அவர்கள் வழக்கம். ஆகவே உணவை அப்படிக் கைமாற்றுவதில்லை. அவர் தம் கணவருக்கு அதனைச் செய்தவர். ஒன்பது மாதத்துக்கு முன் மனைவியை இழந்தவரிடம் அப்போது அதனை விளக்க வேண்டியதில்லை என்று கருதியிருக்கிறார். எத்தனை மரியாதை நூல்களைப் படித்தாலும் அந்தச் சிறு தட்டை அந்த நேரத்தில் எடுத்து வைக்கத் தெரியுமா என்பது ஐயமே.

கடைசிப் பெரிய உணவாக வந்தது ‘தொருக்கோ ரைஸ்’. துருக்கிச் சோறு என்று பொருள். ஆனால் துருக்கிக்கும் அதற்கும் எத்தொடர்பும் தெரியவில்லை. ஒரே தட்டில் கறிமணம் கூட்டிய சோறு, தக்காளிச் சாற்றில் புரட்டிய இத்தாலிய நூடுல்ஸ், அவற்றின்மேல் பொரித்த பன்றியிறைச்சி. இதுவே அதன் இலக்கணம். பெரும்பாலோர் இசுலாமியரான துருக்கியர் பெயரில் பன்றியிறைச்சியா என்று கேட்பீர்கள். நாகசாகிக்காரரும் அக்கேள்விக்குத் தோளைக் குலுக்குகின்றனர். எங்களுக்காக இறைச்சியை விலக்கி, ‘ஆஜி’ என்னும் பாரை இனத்து மீனைப் பொரித்து வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், நூடுல்ஸ் அங்கே எதற்கென்று எனக்கு இன்றும் புரியவில்லை. சோறும் மீனும் மட்டும் இருந்திருந்தால் தூத்துக்குடியிலேயே அமர்ந்திருப்பதாக எண்ணியிருப்பேன்.

கறி என்று பேச்சு வந்ததும், ‘கரே’ என்று ஜப்பானியர் வழங்கும் சொல்லின் வேர் நம் தமிழ்க் ‘கறி’தான் என்று அம்மையாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவர் அதற்கு மேல் ஒரு செய்தி சொன்னார். ஆங்கிலேயர் வழியே மாவு கலந்த கெட்டிக் குழம்பு ஜப்பானுக்கு முன்னரே வந்திருந்தது. ஆயினும் இந்தியர் சமைக்கும் முறையிலான கறியைத் தோக்கியோ நகரின் ஷிஞ்சுகுவில் உள்ள நகமுராயா என்னும் கடையில் அறிமுகம் செய்தவர் ராஷ் பிகாரி போஸ். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான புரட்சியாளரான அவர் 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். நாடுகடத்த ஆணை பிறந்தபோது, அவரைத் தங்கள் கடைக்குள் மறைத்துக் காத்தவர்கள் நகமுராயாவின் உரிமையாளரான சோமா தம்பதியர். அவர்கள் தம் மகள் தோஷிகோவை 1918-இல் அவருக்கே மணம் செய்து கொடுத்தனர். 1923-இல் அவர் ஜப்பானியக் குடிமகன் ஆனார். 1925-இல் மனைவி இறந்துவிட்டார். அதன்பின் 1927-ஆம் ஆண்டில் அக்கடையில் உணவகப் பகுதி தொடங்கியபோது, இந்தியக் கறியைச் செய்யக் கற்றுக் கொடுத்தார் போஸ்.

இதனை அம்மையார் சொல்லி முடிக்கும் வரை அண்ணன் கரண்டியைத் தொடவில்லை.

"மனுசி செத்தது எந்த வருசம் எண்டவா?" என்று என்னிடம் கேட்டார்.

"1925."

"கறி வைச்சது?"

"1927."

"ரெண்டு வருசம் எடுத்திருக்கு" என்றார். பிறகு கரண்டியை எடுத்தார்.

நாங்கள் இருவரும் வேறு எதைப் பற்றியோ பேசினோம். எதைப் பற்றி என்று நினைவில்லை. அண்ணன் மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் உண்டார். மீனை முள் பிரித்து உண்ணும் யாழ்ப்பாணத்துக் கை அவருடையது. கரண்டி அவருக்கு உதவவில்லை. சிறிது நேரத்தில் அதனை வைத்துவிட்டுக் கைத்துண்டில் விரல்களை மீண்டும் துடைத்துக்கொண்டார். அம்மையாரை ஒரு முறை பார்த்தார். அம்மையார் சமையற்காரரைப் பார்த்தார். அவர் தலைவணங்கி, கையை நீட்டி, உண்ணுங்கள் என்று சைகை செய்தார். ஜப்பானிய உணவகம் ஒன்றில், சோற்றைப் பிசைந்து உருட்டி அண்ணன் உண்டதை அங்கிருந்த மற்ற விருந்தினர் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு விருந்தோம்பலே. நூடுல்ஸை மட்டும் ஒதுக்கிவிட்டார். அந்த அளவில் என் கருத்தும் அவர் கருத்தும் ஒன்று.

முடிவில் காஸ்தெரா என்னும் முட்டைப் பணியாரம் வந்தது. காஸ்தீல் நாட்டின் பெயரால் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அப்பமாம்; இன்று ஜப்பான் முழுவதும் நாகசாகியின் அடையாளம். அடியில் பருமணல் சர்க்கரை கடிபட, மேலே பஞ்சு. அதனோடு காபியோ தேநீரோ தராமல், சூடான சிவப்புப் பயற்றங்கஞ்சியில் உப்பிட்ட செர்ரிப்பூ ஒன்றை மிதக்கவிட்டுத் தந்தார். ஷிப்போக்கு விருந்தைக் கஞ்சியோடு முடிப்பது மரபாம். இனிப்பில் அந்த உப்புப் பூவின் சுவை ஒரு கணம் எட்டிப் பார்த்து மறைந்தது. உண்டவற்றுள் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

அம்மையாரின் அன்னை பிறந்தது உரகாமி. 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் காலை 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்தபோது, அவர் கோத்தோ தீவில் பாட்டி வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கர் ஏறத்தாழ 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர் என்பர். அன்று அந்த மேசையில் அதைப் பற்றியும் யாழ்ப்பாணத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் எழவில்லை. பேசாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பணம் கொடுக்கும் நேரம் வந்ததும் நம்மவர் குணம் தலைதூக்கியது. அண்ணன் பணப்பையை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பரிமாறிய அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். இடம் கேட்டபோதே அம்மையார் பணத்தைச் செலுத்திவிட்டாராம்! "இது எங்கட முறையில்லை" என்று அண்ணன் கடிந்துகொண்டார். அவர் குரலில் கோபம் இருந்தது. அதைக் கேட்க எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. ஒன்பது மாதங்களாக அவர் எதற்கும் கோபப்பட்டதில்லை. பணியாளருக்கென்று மேசையில் சில்லறை வைப்பதும் அந்நாட்டு வழக்கமன்று. வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ‘கொச்சிசோசாமா’ என்று நன்றி சொல்லி எழுந்தோம். கணவன் மனைவி இருவரும் படிக்கட்டு வரை வந்து, நாங்கள் திருப்பத்தில் மறையும் மட்டும் குனிந்து நின்றனர்.

டிராம் நிறுத்தத்தை நோக்கி இறங்கினோம். துறைமுகத்து விளக்குகள் கீழே தெரிந்தன. பாதிப் படிகளில் அண்ணன் நின்றார். மூச்சு வாங்குகிறது போலும் என்று எண்ணினேன்.

"தம்பி, நாளைக்குக் காலமை பாண் வாங்குவம். தேங்காய்ச் சம்பல் நான் இடிக்கிறன். இஞ்ச தேங்காய் கிடைக்குமோ எண்டு கேள்."

கேட்டேன். முழுத் தேங்காய் அரிது. உலர்ந்த தேங்காய்த் துருவல் நிலையத்தருகே ஒரு கடையில் கிடைக்கும் என்றார் அம்மையார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, அக்கடை ஒன்பது மணிக்கு மூடிவிடும் என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு முன்னால் விரைந்து இறங்கலானார்.